பையில் வளர்த்த பனங்கன்று: வாங்கி நட்டதில் கண்டது

சாயல்குடியை அடுத்த கடலோரத்தில் உள்ள எங்கள் மணற்காட்டு வரப்பில், அப்பா காலத்துப் பனைகள் பட்டுப்போன இடங்களை நிரப்புவதற்காக, சென்ற கார்த்திகையில் ஒரு நாற்றுப்பண்ணையிலிருந்து 30 பனங்கன்றுகள் வாங்கினேன். கன்று ஒன்று 60 ரூபாய். வண்டி வாடகை தனி. சொன்ன நாளில் கொண்டுவந்து இறக்கினார்கள், மரியாதையாகப் பேசினார்கள், ஓலைகளும் நல்ல பச்சையாக இருந்தன. ஆனால் இந்த ஆவணியில் எண்ணிப் பார்த்தபோது உயிரோடு நின்றவை 4 மட்டுமே.

முதலில் வாடியபோது தண்ணீர் போதவில்லை என்று எண்ணி, பண்ணையில் சொன்னபடி ஒருநாள் விட்டு ஒருநாள் குடம் குடமாக ஊற்றினேன். மாசி முடிவதற்குள் மேலும் பல வாடவே, ஒரு கன்றைத் தூரோடு தோண்டி எடுத்தேன். ஓர் அடி உயரமே உள்ள பையில் வளர்ந்த அதன் கிழங்கு, அடியைத் தொட்டதும் மேற்கொண்டு இறங்க வழியின்றித் தூண்டில் முள்ளைப் போல வளைந்திருந்தது. வளைவில் விரலை அழுத்தியதும் சதை கூழாகப் பிதுங்கியது. புளித்த கள்ளின் வாடை அடித்தது.

பனங்கொட்டை முளைக்கும் விதத்தை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. பனை முதலில் குழல் போன்ற ஒரு முளையை மண்ணுக்குள் செங்குத்தாக இறக்குகிறது. கன்றாகப் போகிற கரு அந்த முளையின் நுனியிலேயே கீழே செல்கிறது. கொட்டையின் சத்து, அதனுள் இருக்கும் பஞ்சு போன்ற தவுண் வழியாக இறங்கிக் கிழங்காகத் திரள்கிறது. முதல் ஓலையான பீலி மண்ணுக்கு மேலே தலைகாட்டுவது பல மாதம் கழித்துத்தான். அடிப்பகுதி மடங்கினாலோ முறிந்தாலோ, கிழங்கில் உள்ள சத்து தீரும்வரை ஓலை பச்சையாகவே இருக்கும். ஆகவே பனங்கன்றை ஓலையைப் பார்த்து வாங்குவது பெரும் பிழை. நான் செய்ததும் அதுதான்.

கன்று வாங்கியதற்கு முந்தைய புரட்டாசியில், பக்கத்துக் காட்டில் பனையேறும் அண்ணாச்சி ஒருவரிடம் கொட்டை 2 ரூபாய் வீதம் 100 வாங்கி, பத்தடி இடைவெளியில் நான்கு விரற்கடை ஆழத்தில் புதைத்திருந்தேன். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றவில்லை. ஆடு கடிக்காதிருக்கக் கருவேல முள்ளை மட்டும் சுற்றிலும் போட்டேன். அவற்றில் 63 பீலி விட்டு, இந்தக் கோடையையும் தாண்டி நிற்கின்றன. தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், 2021-இல், 76 இலட்சம் பனை விதைகளும் 1 இலட்சம் கன்றுகளும் வழங்குவதாக அறிவித்தபோது, விதைக்கு ஏன் இத்தனை முதன்மை என்று எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது.

கன்றுதான் வேண்டும் என்பவர்கள், இரண்டடிக்குக் குறையாத நீளப் பையில் வளர்த்ததா என்று பார்க்க வேண்டும். பணம் கொடுக்கும் முன் ஒரு பையையாவது கிழித்துக் காட்டச் சொல்ல வேண்டும். கிழங்கு நேராக இல்லையென்றால் வாங்கவே கூடாது. ஆண்பனையா பெண்பனையா என்று தெரியவே 12 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டிய மரத்தில், தொடக்கத்தில் இழக்கும் ஓர் ஆண்டு சிறிதன்று.

நாற்றுப்பண்ணைக்காரரிடம் வளைந்த கிழங்கின் படத்தைக் காட்டினேன். மறுப்புச் சொல்லாமல், பட்டுப்போன 26-க்கும் மாற்றுக் கன்று தருவதாக ஒப்புக்கொண்டார். நேரில் சென்று பார்த்தேன். அதே ஓரடிப் பைகள்தான் வரிசையாக இருந்தன. வாங்காமல் திரும்பிவிட்டேன்.