பஸ் பயணத்துக்கு எந்த ஹெட்போன்: சோனி 7506 அல்லது எம்50எக்ஸ்?

கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு ஏ9 வீதியால் பஸ்ஸில் போகிறவர், எஞ்சின் இரைச்சலுக்கும் சாரதி போடும் பாட்டுக்கும் நடுவே தாம் விரும்பியதைக் கேட்பதற்கு, காதை மூடும் கிண்ணத்தின் பின்புறம் அடைபட்டு வெளி இரைச்சலைக் குறைக்கும், பின்புறம் மூடிய ஹெட்போனே ஏற்றது. 1991இல் வந்த சோனி எம்டிஆர்-7506, 2014இல் வந்த ஓடியோ-டெக்னிக்கா ஏடிஎச்-எம்50எக்ஸ் ஆகிய இரண்டும் கலையக வேலைக்கென்று செய்யப்பட்ட அவ்வகை ஹெட்போன்கள்; ஆயினும் இரண்டும் மடங்கிப் பைக்குள் அடங்கும்.

நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைக் கேட்டால் வேறுபாடு உடனே தெரியும். தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரற்கூடு படும் ஒவ்வோர் அடியையும் சோனி பிரித்துக் காட்டுகிறது; தொப்பி எனப்படும் இடப்பக்கத்தில் கழி விழும் முழக்கத்தை எம்50எக்ஸ் நிறைவாகத் தருகிறது. பஸ்ஸின் உறுமல் தாழ்ந்த ஒலிகளையே முதலில் விழுங்கிவிடுவதால், பயணத்தில் இந்த நிறைவு பெரிதும் உதவுகிறது.

எடையில் சோனியே இலகு: வயர் நீங்கலாக அது 230 கிராம், மற்றது 285 கிராம். ஆனால் சோனியின் சுருள் வயரைக் கழற்ற முடியாது; நீட்டினால் 3 மீற்றர் வரும் அந்தச் சுருள் மடியில் பாரமாகக் கிடக்கும், அறுந்தால் ஈயம் பற்றவைக்க வேண்டும். எம்50எக்ஸுடன் கழற்றி மாட்டக்கூடிய மூன்று வயர்கள் வருகின்றன; அவற்றுள் 1.2 மீற்றர் வயர் சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசிக்கு அளவானது.

வெயிலில் இரண்டிலும் காது வியர்க்கும். வீட்டில் அமைதியாகக் கேட்பதற்கு நான் சோனியையே எடுப்பேன், பஸ்ஸுக்கு எம்50எக்ஸ்.