திருமதியா, செல்வியா, திருவாட்டியா? அழைப்பிதழ்ல என்ன போடுறது

போன வருஷம் இங்க சிங்கப்பூர்ல, எங்க பேட்டை பொங்கல் விழாவுல ஒரு அக்காவுக்குப் பொன்னாடை போர்த்துனாங்க. 40 வருஷம் நர்ஸா இருந்தவங்க, எழுபது தாண்டிட்டாங்க, கல்யாணம் பண்ணிக்கல. அழைப்பிதழ்ல திருமதின்னு அச்சடிச்சிட்டாங்க, அப்புறம் யாரோ பார்த்துச் சொல்லி மேசையில வைக்கிற பேர் அட்டைய மட்டும் செல்வின்னு மாத்துனாங்க. அக்கா உட்கார்ந்ததும் அந்த அட்டையக் கவுத்து வச்சிட்டாங்க. மைக் என் கையில, எதச் சொன்னாலும் தப்பாப் போகுதேன்னு வெறும் பேர மட்டும் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டேன், அது இன்னும் மனச உறுத்துது.

திருமதி எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தை, மரியாதையானதுதான். ஆனா ஸ்ரீமதிங்கிறதுல முன்பாதிய மட்டும் தமிழாக்கி வந்தது அது, அந்த மதி நிலாவும் இல்ல அறிவும் இல்ல, வடமொழிப் பெண்பால் விகுதி. அதக்கூட விட்டுடலாம், எனக்கு இடிக்கிறது வேற. திருமதின்னு போடணும்னா அவங்களுக்குக் கல்யாணம் ஆச்சான்னு முதல்ல விசாரிக்கணும். திரு போடுறப்ப எந்த ஆம்பளையையும் யாரும் அப்படி விசாரிக்கிறதில்ல. செல்வி, குமாரி ரெண்டுலயும் இதே வம்புதான், அதுவும் எழுபது வயசுக்காரங்களுக்குப் போட்டா சின்னப் பிள்ளையக் கூப்பிடுற மாதிரி ஆயிடுது.

இங்க ஃபார்ம்ல எல்லாம் மேடம்னு ஒரு கட்டம் இருக்கும்ல, அதுக்குக் காரணம் இருக்கு. சீனப் பெண்கள் பெரும்பாலும் கல்யாணத்துக்கு அப்புறமும் பொறந்த வீட்டுக் குடும்பப் பேரத்தான் வச்சிருப்பாங்க, அந்தப் பேருக்கு முன்னாடி மிசஸ் பொருந்தாது. நம்ம பெண்கள்லயும் நிறைய பேருக்கு ஐசியில, அதாவது அடையாள அட்டையில, அப்பா பேருதான், அதனால மேடம் நமக்கும் ஒத்துவரும். ஆனா தமிழ் அழைப்பிதழ்ல மேடம்னு அச்சடிச்சா ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்கு.

சீமாட்டி வேண்டவே வேண்டாம், "பெரிய சீமாட்டி வந்துட்டா"ன்னு திட்டுறதுக்குத்தான் இப்ப அது உயிரோட இருக்கு. பெருமாட்டி கம்பீரமான சொல், ஆனா மேடைப் பேச்சோட நின்னுடும்.

பழைய சொல்லுங்களப் பார்த்தா மனசு கனக்குது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுல ராஜராஜன், தான் குடுத்ததோட அக்கன் குடுத்ததையும் "நம் பெண்டுகள்" குடுத்ததையும் சேர்த்துத்தான் கல்லுல வெட்டச் சொல்றான். அக்கன்னா குந்தவை, பெண்டுகள்னா அவனோட ராணிங்க. புறநானூறு 246-வது பாட்டப் பாடுன பாண்டிமாதேவியோட பேரே பெருங்கோப்பெண்டு. அப்படி அரியணைப் பக்கத்துல இருந்த பெண்டுங்கிற சொல்ல இன்னைக்கு ஒருத்தர் முகத்துக்கு நேரா சொல்ல முடியுமா? சோழ ராணிகளுக்குப் போட்ட நம்பிராட்டியார் தப்பிச்சது, ஆனா பிராட்டின்னா இப்ப சீதாப் பிராட்டிதான் ஞாபகம் வரும், நர்ஸ் அக்காவுக்குப் போட முடியாது.

அம்மையார் எனக்கு ரொம்பப் பிடிக்கும். காரைக்கால் அம்மையார், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார்னு சொல்றப்பவே கை தன்னால கூப்பும், புருஷன் யாருன்னு அந்தச் சொல் கேக்காது. ஆனா வயசும் சாதனையும் சேர்ந்தவங்களுக்குத்தான் அது, முப்பது வயசு வக்கீலுக்குப் போட்டா சங்கடப்படுவாங்க.

கடைசியா திருவாட்டி. பெருமான் பெருமாட்டி, சீமான் சீமாட்டி மாதிரி திருவாளருக்கு நேர் ஜோடி, திருவை ஆள்றவங்கன்னு அர்த்தம், சுத்தமான தமிழ் அச்சு. தமிழ்நாட்டுல இருந்து வர்றவங்க இதென்ன புதுசா இருக்குன்னு கேப்பாங்க, ஆனா நம்ம ஊர்ல தமிழ் முரசு படிக்கிறவங்களுக்கும் தமிழ்ச் செய்தி கேக்கிறவங்களுக்கும் இது தினமும் பழகுன சொல். 2017-ல ஹலிமா யாக்கோப் முதல் பெண் அதிபரா வந்தப்ப ஆங்கிலத்துல மேடம் ஹலிமா, தமிழ்ல திருவாட்டி ஹலிமா, எவ்வளவு இயல்பா உட்கார்ந்துச்சு! அதிபர், அமைச்சர் மாதிரி பதவிப் பேருங்க ஆண் பெண்கூட பார்க்காது. அதனாலதான் தலைவர்னே போடுங்க, தலைவின்னு போடாதீங்கன்னு விழாக்குழுவுல சண்டையே போடுறேன், தலைவின்னா அகப்பாட்டுக் காதலி ஞாபகம்தான் வருது.

திருவாட்டிக்கு ஒரு குறை உண்டு, பாட்டி, மூதாட்டியோட ஓசை ஒட்டுறதால சின்னப் பொண்ணுங்க முகத்தச் சுளிப்பாங்க. வாயாலயும் யாரும் அப்படிக் கூப்பிடுறதில்ல, நேர்ல பார்த்தா அக்கா, அம்மா, ஆன்ட்டிதான், அது அப்படியே இருக்கட்டும். ஆனா அச்சுலயும் மேடையிலயும் என் ஓட்டு திருவாட்டிக்குத்தான்.

இந்த வருஷ அழைப்பிதழ்ல பெண்கள் எல்லாருக்கும் திருவாட்டின்னே போட வச்சேன். முதல் கார்டு அந்த அக்காவுக்கு, நானே வீட்டுக்குப் போய்க் குடுத்தேன். கண்ணாடியப் போட்டு ஒரு தடவ வாசிச்சாங்க, அப்புறம் சாமி படத்துக்குப் பக்கத்துல நிமிர்த்தி வச்சாங்க.