மலையிலிருந்து படிப்பவருக்கு எந்தச் செயலி உதவும்? கிளாஸ்ரூம், மீட், வாட்ஸ்அப்: ஒரு மாணவியின் மதிப்புரை

சேலத்துக் கல்லூரி ஒன்றில் இளங்கலை வேதியியல் படிக்கும் எனக்கு வீடு சேர்வராயன் மலையில், நாகலூர்ப் பக்கம். வாரநாள்களில் விடுதியிலும் விடுமுறையில் மலையிலும் இருந்துகொண்டு, பாடக்குறிப்பும் ஒப்படைப்பும் நடக்கும் கூகுள் கிளாஸ்ரூம், காணொளி வகுப்புக்கான கூகுள் மீட், வாட்ஸ்அப் ஆகிய மூன்றையும் பாடத்துக்காகப் பயன்படுத்தி வருகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாரும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருந்தாக வேண்டும் என்று கேட்கும் கருவி எதுவானாலும் மலையில் இருப்பவருக்கு அது பாதிதான் பயன்படும்; டவர் கிடைக்கும் நேரத்தில் எழுதவும் படிக்கவும் விடுகின்ற கருவியே முழுதாகப் பயன்படும்.

அந்தக் கணக்கில் மீட்டுக்குக் கடைசி இடம்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்காக விடுமுறை அறிவிக்கும் நாள்களில்தான் எங்களுக்கு நேரலை வகுப்பு வைக்கப்படுகிறது. அதே மழையில்தான் ஏற்காட்டுப் பக்கம் மரம் சாய்ந்து மின்சாரம் போகிறது, சிறிது நேரத்தில் டவரும் போய்விடுகிறது. நகரத்தில் இருப்பவர்களுக்கும் அது முழு வசதி என்று சொல்ல முடியாது. அம்மாப்பேட்டையில் விசைத்தறிக்கு அடுத்த அறையில் அமர்ந்து படிக்கும் தோழி ஐயம் கேட்க மைக்கைத் திறந்தால், அவள் குரலுக்கு முன் தறிச்சத்தம் வந்து நிற்கும். "மியூட் பண்ணும்மா" என்று பேராசிரியர் சொன்னதும் அவள் கேள்வியையே விட்டுவிடுவாள். கட்டணமில்லாக் கணக்கில் மூவரோ அதற்கு மேற்பட்டவர்களோ கூடும் சந்திப்பு 60 நிமிடத்தோடு முடிந்துவிடும் என்பதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. அதற்கு மேலும் திரையைக் கவனித்துக்கொண்டிருக்கும் மாணவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

வாட்ஸ்அப்பின் பலம், எல்லாரும் ஏற்கெனவே அதில் இருக்கிறார்கள் என்பதுதான். டவர் ஒரு கோடு காட்டினாலும் எழுத்துச் செய்தி வந்து சேர்ந்துவிடும். ஆனால் உள்மதிப்பீட்டுத் தேர்வின் தேதியைத் தேட வேண்டுமானால் காலை வணக்கப் படங்களையும் பிறந்தநாள் வாழ்த்துகளையும் தள்ளிக்கொண்டே மேலே போக வேண்டும். சந்தைக் கூட்டத்தில் சொல்லிவிட்டுப் போன சேதி மாதிரிதான் அதன் நிலை. ஆய்வக ரெக்கார்டைப் புகைப்படமாக அனுப்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாட்ஸ்அப் படங்களைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. பென்சிலால் வரைந்த வரைபடக் கோடுகள் மங்கிவிடும். பியூரெட் என்னும் அளவுக் குழாயின் அளவீட்டில் 18.3 என்று எழுதியது 18.8 போலத் தெரியும். அதே பக்கங்களைக் கூகுள் டிரைவ் செயலியில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆவணமாக அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

2014இல் வெளிவந்த கிளாஸ்ரூம் பார்ப்பதற்குக் கவர்ச்சியில்லாதது. ஒப்படைப்பு, பாடக்குறிப்பு, கெடு, மதிப்பெண் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன என்பதற்காகவே ஒரு நல்ல மதிப்பெண் தரலாம். ஆனால் நான் அதை மற்ற இரண்டுக்கும் மேலே வைப்பதற்குக் காரணம், ஒவ்வோர் ஒப்படைப்போடும் இருக்கும் தனிப்பட்ட கருத்துப் பகுதி. அதில் எழுதுவதை அந்த மாணவரும் ஆசிரியரும் மட்டுமே பார்க்க முடியும். கரைசல்களின் பருமனை அளந்து கணக்கிடும் பருமனறி பகுப்பாய்வில் ஆக்சாலிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 90 என்று சூத்திரப்படி வரும்போது நாம் ஏன் 126 என்று எடுத்துக்கொள்கிறோம் என்ற கேள்வியை, வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்க்க எழுந்து கேட்கப் பலருக்குக் கூச்சமாக இருக்கும். அங்கே எழுதிவிட்டால், படிகத்தில் இரண்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்திருப்பதால் 36 கூடுகிறது, ஆகவே அதில் பாதியான சமான எடை 45 அல்ல, 63 என்று மறுநாள் காலையில் விடை வந்திருக்கும். தறிச்சத்தத்துக்கும் மழைக்கும் அங்கே வேலையில்லை. வகுப்பில் வாயே திறக்காத அம்மாப்பேட்டைத் தோழி அங்கே பத்தி பத்தியாக எழுதுகிறாள்.

கிளாஸ்ரூமோடு இணைந்த கூகுள் டாக்ஸில் குழுவாகக் கருத்தரங்கக் கட்டுரை எழுதும்போது, பதிப்பு வரலாற்றைத் திறந்தால் யார் எந்தப் பத்தியை எப்போது எழுதினார் என்பது தெரிந்துவிடுகிறது. பெயரை மட்டும் சேர்த்துக்கொள்ளும் நண்பர்களுக்கு இது பிடிப்பதில்லை. ஆஃப்லைன் வசதியை முன்கூட்டியே இயக்கி வைத்தால் டவர் இல்லாதபோதும் எழுதலாம், இணைப்பு வந்ததும் தானாகச் சேர்ந்துகொள்ளும். சாதாரணக் கணக்கில் கிடைக்கும் 15 ஜிபி இடத்தை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கிட்டுக்கொள்வதால், பருவம் முடிந்ததும் பழைய கோப்புகளை நீக்கியாக வேண்டும்.

கிளாஸ்ரூமில் எனக்குள்ள ஒரே மனத்தாங்கல் கெடு நேரம் பற்றியது. ஆசிரியர் தேதியை மட்டும் குறித்து நேரத்தைக் குறிக்காமல் விட்டால் அது இரவு 11.59 என்று தானாக அமைந்துவிடும். ஞாயிறு இரவு கெடு என்றால் மலையில் இருப்பவர் டவருக்காக நள்ளிரவு வரை போராட வேண்டும். தவறினால் பிறகு ஒப்படைத்தாலும் தாமதம் என்ற குறி ஏறிவிடும். நேரத்தை மாற்ற ஆசிரியருக்கு அரை நிமிடம்கூட ஆகாது. எங்கள் துறையில் ஒருவர் மட்டும் திங்கள் மாலை 5 மணி என்று வைக்கிறார்; காலைப் பேருந்தில் மலையிறங்கி வரும் நாங்கள் விடுதி இணைப்பிலிருந்தே ஒப்படைத்துவிடுகிறோம்.