கிரேஃபோர்டா, ராக் அண்ட் பினியனா: ரிஃப்ராக்டருக்கு எந்த ஃபோகஸர்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ராக் அண்ட் பினியன் கட்சி. ஃபோகஸர் என்பது டெலஸ்கோப்பில் ஐபீஸையோ கேமராவையோ முன்னும் பின்னும் நகர்த்திப் படத்தைக் கூர்மையாக்கும் பாகம். கிரேஃபோர்ட் அதை உராய்வால் நகர்த்தும், ராக் அண்ட் பினியன் பல்சக்கரத்தால். என்னிடம் இருப்பது 80 மி.மீ. ஈடி ரிஃப்ராக்டர், அதாவது நிறப்பிறழ்ச்சியைக் குறைக்கும் கண்ணாடியில் செய்த லென்ஸ் டெலஸ்கோப். குவியத்தூரம் 600 மி.மீ., அதை லென்ஸின் விட்டத்தால் வகுத்தால் எஃப்/7.5. அதோடு வந்த இரட்டை வேக கிரேஃபோர்டைக் கழற்றிவிட்டு இரட்டை வேக ராக் அண்ட் பினியனை மாட்டியிருக்கிறேன். பெங்களூரில் மொட்டை மாடியிலிருந்து வானம் பார்க்கிறவன், கொஞ்சம் படமும் எடுக்கிறவன் என்ற அனுபவத்தில் எழுதுவது இது. நியாயத் தராசு எதிர்பார்க்காதீர்கள்.

இரட்டை வேகம் வேண்டுமா என்ற கேள்விக்கு அதிக இடம் தேவையில்லை. வேண்டும். பச்சை ஒளிக்கு எஃப்/7.5-ல் ஃபோகஸ் கூர்மையாக நிற்கும் இடைவெளி சுமார் 0.15 மி.மீ.தான். ஒரு சுற்றுக்கு 20 மி.மீ. நகரும் குமிழ் என்று வைத்துக்கொண்டால், அந்த இடைவெளி முழுவதும் 3 டிகிரித் திருப்பலுக்குள் போய்விடும். பத்துக்கு ஒன்று குறைக்கும் சின்னக் குமிழ் இருந்தால் 27 டிகிரி கிடைக்கும், கை பழகிவிடும். எஃப்/5 குழாய் வைத்திருப்பவர்களுக்கு அந்த இடைவெளி 0.07 மி.மீ.க்கும் கீழே. அவர்கள் யோசிக்கவே வேண்டாம்.

கிரேஃபோர்டுக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடலாம். சுமார் அரை நூற்றாண்டுக்கு முன் லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில் கிரேஃபோர்ட் மேனர் ஹவுஸ் வானியல் சங்கத்தைச் சேர்ந்த ஜான் வால் உருவாக்கியது இது. காப்புரிமை எடுக்காமல் எல்லாருக்கும் விட்டுக்கொடுத்தார். டிராட்யூபின் (ஃபோகஸரில் முன்னும் பின்னும் நகரும் உள்குழாய்) ஒரு பக்கம் நான்கு பேரிங், எதிர்ப்பக்கம் ஒரு எஃகுத் தண்டு. தண்டு அழுத்திச் சுற்றும், உராய்வில் குழாய் நகரும். பல் இல்லை, அதனால் பேக்லாஷ் (திசை மாற்றும்போது குமிழ் சற்று வீணாகச் சுற்றுவது) இல்லை, கிரீஸும் இல்லை. கையால் திருப்பிப் பார்த்தால் வெண்ணெய் போல் போகும். கடையில் வைத்துத் திருப்பிப் பார்த்து வாங்குபவர்கள் கிரேஃபோர்டையே எடுப்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அது புகழ் பெற்றது பெரும்பாலும் குழியாடி வைத்த நியூட்டோனியன் டெலஸ்கோப்புகளில். அங்கே ஃபோகஸர் குழாயின் பக்கவாட்டில் இருக்கிறது. டெலஸ்கோப் உச்சியைப் பார்க்கும்போது டிராட்யூப் கிட்டத்தட்டப் படுக்கையாக இருக்கும், எடை பேரிங் மேல் உட்காரும். ரிஃப்ராக்டரில் ஃபோகஸர் இருப்பது அடிமுனையில். உச்சியைப் பார்த்தால் டயகனல் (பார்வையைப் பக்கவாட்டில் திருப்பும் ஆடி), கேமரா எல்லாமே செங்குத்தாகக் கீழே தொங்கும். தாங்குவது அந்தத் தண்டின் உராய்வு ஒன்றுதான்.

இங்கேதான் ஊர் முக்கியமாகிறது. பெங்களூர் இருப்பது 13 டிகிரி வட அட்சரேகையில். ஓரியன் நெபுலா இங்கே அடிவானத்திலிருந்து 70 டிகிரியைத் தாண்டி ஏறுகிறது, லண்டனில் அது 33 டிகிரிதான். கார்த்திகைக் கூட்டம் இங்கே 79 டிகிரி. 2026 ஜனவரியில் வியாழன் எதிர்நிலைக்கு (சூரியனுக்கு நேர் எதிரே) வந்தபோது மிதுனத்தில் இருந்தது, நள்ளிரவில் 80 டிகிரிக்கு மேல். நகரத்தின் ஒளி மாசு வேறு நம்மை உச்சிக்கே தள்ளுகிறது. அடிவானத்திலிருந்து 40 டிகிரி வரை வெறும் ஆரஞ்சுப் புகை, நல்ல வானம் இருப்பது மேலே மட்டும். ஆகவே பெங்களூர்க்காரனின் ரிஃப்ராக்டர் பாதி நேரம் செங்குத்தாகத்தான் நிற்கும். ஐரோப்பியர்கள் எழுதும் மதிப்புரைகளில் இந்த விஷயம் பெரிதாக வராததற்கு அவர்கள் வானமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கணக்கும் எளிது. கேமரா, ஃப்ளாட்னர் (படத்தின் ஓரங்களையும் கூர்மையாக்கும் லென்ஸ்) சேர்த்து என் சுமை ஒன்றேகால் கிலோ, டிராட்யூபின் சொந்த எடை தனி. உராய்வுக் குணகம் 0.2 என்று வைத்தால் அந்த ஒன்றேகால் கிலோ நழுவாமல் நிற்க, தண்டு ஆறு கிலோவுக்கும் மேலான விசையில் அழுத்த வேண்டும். அடியில் உள்ள டென்ஷன் ஸ்க்ரூவை இறுக்கினால் சரியாகிவிடும் என்பார்கள். நிற்கும், ஆனால் வெண்ணெய் போய்விடும். இன்னும் இறுக்கினால் அலுமினியப் பரப்பில் தண்டு தடம் போட ஆரம்பிக்கும். லாக் ஸ்க்ரூவைத் திருகினாலோ, திருகும்போதே ஃபோகஸ் விலகும். வெறும் ஐபீஸோடு பார்க்கும்வரை எனக்கு இது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கேமரா ஏறியபிறகுதான் சின்னக் குமிழ் சுற்றும், குழாய் நகராது.

ராக் அண்ட் பினியனில் பல்லைப் பல் பிடித்திருக்கிறது. டென்ஷன் தளர்ந்திருந்தால் இதுவும் கீழே இறங்கும், ஆனால் குமிழும் கூடவே சுற்றும். எவ்வளவு திருப்பினோமோ அவ்வளவு நகர்வு, கணக்கு தப்பாது. பேக்லாஷ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறதுதான். ஆனால் குழாய் செங்குத்தாக நிற்கும்போது எடை எப்போதும் பல்லின் ஒரே முகத்தை அழுத்திக்கொண்டிருக்கும். கடைசி அசைவை மேல்நோக்கி, எடையைத் தூக்கும் திசையில் முடித்தால் பேக்லாஷ் அநேகமாகத் தெரியவே தெரியாது. கிரேஃபோர்டுக்கு எமனாக இருக்கும் அதே புவியீர்ப்பு இங்கே கை கொடுக்கிறது. டகஹாஷி இன்றும் தன் ரிஃப்ராக்டர்களில் பல்சக்கரத்தையே வைத்திருப்பதையும், ஸ்கை-வாட்சர் தன் விலை உயர்ந்த எஸ்ப்ரிட் வரிசைக்கு அதையே தேர்ந்தெடுத்ததையும் வெறும் பழக்கம் என்று நான் நினைக்கவில்லை.

குறை என்றால் பராமரிப்பு. கிரீஸ் தூசியைப் பிடிக்கும், இந்த ஊரில் எந்தத் தெருவிலும் ஏதாவதொரு கட்டடம் ஏறிக்கொண்டே இருக்கும். மழைக்காலம் முடிந்து நவம்பரில் வானம் திறக்கும் முன் ஒரு முறை பினியன் மூடியைக் கழற்றி, பழைய கிரீஸை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு எடுத்துவிட்டு, லித்தியம் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவுவேன். அரை மணி நேர வேலை. குளிர்நாடுகளில் கிரீஸ் கெட்டியாகும் என்ற புகார் உண்டு. நம் டிசம்பர் இரவு 15, 16 டிகிரி, அந்தக் கவலை இல்லை.

கையில் காசு இல்லையென்றால் இதே வைத்தியத்தை முதலில் பழைய ராக் அண்ட் பினியனுக்கே செய்து பாருங்கள். மலிவான குழாய்களோடு வரும் ஒற்றை வேக ஃபோகஸர் கரடுமுரடாக இருப்பதற்குப் பாதிக் காரணம் தொழிற்சாலையில் அப்பிய கோந்து மாதிரியான கிரீஸ். டிராட்யூப் ஆடினால், பேக்கிங் சீலிங் மெஷின்களுக்கு ஒட்டும் டெஃப்லான் டேப்பில் ஒரு துண்டை உள்ளே ஒட்டலாம். சில நூறு ரூபாயில் பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

புதிதாக வாங்குவதில் தலைவலி ஃபோகஸர் அல்ல, அதைக் குழாயோடு இணைக்கும் அடாப்டர். உங்கள் குழாய்க்கென்றே அடாப்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைதான் கதி. நான் அளவு எழுதிய தாளை நீட்டினேன். "ட்யூபையே கொண்டாங்க சார், அளவு நான் எடுத்துக்கறேன்" என்றார் அங்கிருந்த அண்ணன். அவர் சொன்னதுதான் சரி, மெல்லிய அலுமினியக் குழாய் முழு வட்டமாக இருப்பதில்லை. லென்ஸ் செல் மொத்தமாகத் திருகிக் கழலும் வகையானால் அதை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வெறும் குழாயோடு போங்கள். அடாப்டரின் உள்வட்டம், வெளிவட்டம், முகம் மூன்றையும் சக்கில் ஒரே பிடிப்பில் வெட்டச் சொல்லுங்கள். திருப்பி மாட்டி வெட்டினால் அச்சு விலக வாய்ப்புண்டு, அப்புறம் படத்தின் ஒரு மூலையில் மட்டும் நட்சத்திரங்கள் நீளும். உள்பக்கம் மேட் கறுப்பு அடிக்க மறக்காதீர்கள். புதிய ஃபோகஸரும் அடாப்டரும் சேர்ந்த நீளம் பழையதைவிட அதிகமானால் டயகனலோடு ஃபோகஸே எட்டாமல் போகலாம், ஆர்டர் போடும் முன் அதையும் அளந்துகொள்ளுங்கள்.

குமிழைத் திருப்பும் மோட்டார் பற்றி என் அனுபவம் குறைவு, கொஞ்ச காலமாகத்தான் வைத்திருக்கிறேன். கைபடாமல் ஃபோகஸ் செய்வதால் குழாய் ஆடாது, அது பெரிய நிம்மதி. ஆனால் நழுவும் கிரேஃபோர்டில் மோட்டார் மாட்டுவது வீண். அது படிகளை எண்ணிக்கொண்டே போகும், குழாய் இருந்த இடத்திலேயே இருக்கும். வெப்பநிலை மாறும்போது தானாகத் திருத்தும் வசதிக்காக மட்டும் என்றால் இங்கே அவசரம் இல்லை. 600 மி.மீ. அலுமினியம் ஒரு டிகிரிக்கு 14 மைக்ரான் அளவு சுருங்கும், இரவில் ஐந்து டிகிரி இறங்கினால் 70 மைக்ரான். எஃப்/7.5-ல் நமக்கிருக்கும் இடைவெளியில் அது பாதிதான். லென்ஸும் தன் பங்குக்குக் கொஞ்சம் நகர்த்தும் என்பதால் நடுவில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. எஃப்/5 காரர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஃபெதர் டச் போன்ற உயர் ரகத்தை நண்பரின் குழாயில் திருப்பிப் பார்த்ததோடு சரி. அருமையாக இருந்தது. ஆனால் சுங்க வரியும் சேர்ந்தால் அதன் விலை என் 80 மி.மீ. குழாய்க்குப் பொருந்தாது. 120 மி.மீ.க்கு மேல், கனமான கேமரா என்றால் வேறு பேச்சு.

கேமரா பக்கமே போகாதவர், டயகனலும் ஐபீஸும் போதும் என்பவர் கிரேஃபோர்டிலேயே இருக்கலாம். தண்டு உருளும் பட்டையை எப்போதாவது ஆல்கஹாலில் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் வைத்திருந்தால் போதும். இரண்டு அங்குலக் கனமான ஐபீஸ்களை மாற்றி மாற்றிப் போடுபவர் மட்டும், வாங்கும் முன் குழாயை நேர் செங்குத்தாக நிறுத்தி, தன்னிடம் உள்ளதிலேயே கனமானதை மாட்டி, சின்னக் குமிழை மேல்நோக்கித் திருப்பிப் பார்க்கட்டும்.