ரெண்டடி மீன் தொட்டிக்கு எந்த ஜோடி: கிரிப்பா, ராமா, ஹனி கௌராமியா?

டெட்ரா விட்டாயிற்று, கப்பி விட்டாயிற்று, அடியில் நாலு கோரியும் (தரையில் மேயும் குட்டிக் கெளுத்தி) மேய்கிறது. இனி கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு ஜோடி வேண்டும் என்ற ஆசை எல்லா மீன் பைத்தியங்களுக்கும் ஒருநாள் வரும். கடைக்காரர் காட்டுவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்: கிரிபென்சிஸ், ஜெர்மன் புளூ ராம், ஹனி கௌராமி. மூன்றுக்கும் சொல்வது ஒன்றுதான்: "கம்யூனிட்டி மீன்தான் சார், மத்த மீனோட சேர்ந்து இருக்கும், ஒண்ணும் பண்ணாது." பொய் இல்லை. முட்டை போடும் நாள் வரைக்கும் ஒண்ணும் பண்ணாது.

மூன்றையும் வெவ்வேறு காலத்தில் ஒரே தொட்டியில் வளர்த்தேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்பு வரை ஊற்றினால் 56 லிட்டர். எது முரடு, எது சாது என்று நான் இப்போது பார்ப்பதில்லை. எது எங்கே முட்டை போடும் என்றுதான் பார்க்கிறேன். அடி வாங்கப் போவது யார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கிரிப் நைஜீரியா, கேமரூன் பக்கத்து ஆற்று மீன். ஆண் 10 செ.மீ. வரை வளரும், பெண் அதைவிடச் சின்னது. இதில் காதலைத் தொடங்குவது பெண். வயிறு செர்ரிப் பழ நிறத்துக்கு மாறும். உடம்பை வில்லாக வளைத்து, அந்த வயிற்றை ஆணின் முகத்துக்கு நேராகக் காட்டி நடுங்கும். நான் ஒரு கொட்டாங்குச்சியில் வாசல் வெட்டிக் கவிழ்த்து வைத்திருந்தேன். இரண்டும் உள்ளே போய் மண்ணை வாயால் அள்ளி வெளியே துப்பின. அப்புறம் ஒரு வாரம் பெண்ணைக் காணவே இல்லை. முட்டையைக் கூரையில் ஒட்டிவிட்டு அது உள்ளேயே காவல் இருக்கும், ஆண் வாசலில் ரோந்து சுற்றும். மூன்று நாளில் முட்டை பொரியும், இன்னும் நாலைந்து நாளில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும்.

அந்த நாள்தான் ஆபத்தான நாள். கொட்டாங்குச்சி அளவில் இருந்த எல்லை திடீரென்று தொட்டியின் தரை முழுக்க விரிந்துவிடும். டெட்ராவுக்குப் புத்தி உண்டு, துரத்தினால் மேலே ஏறிப் போய்விடும். கோரிக்கு அது தெரியாது. பாவம், துரத்தினாலும் பழைய இடத்துக்கே மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும். இரவில் இன்னும் மோசம்: இருட்டில் குஞ்சு தேடி மேய வரும், கிரிப் கண்ணைப் பார்த்துக் கொத்தும். நான் இரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பியபோது ஒரு கோரிக்கு இடது கண் இல்லை.

ஆனாலும் சொல்கிறேன், சின்ன மீனில் இப்படி ஒரு வளர்ப்பை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. கூட்டத்தைவிட்டு விலகும் குஞ்சை அம்மா வாயில் கவ்வி வந்து கூட்டத்துக்குள் துப்பும். விளக்கு மங்கினால் எல்லாவற்றையும் குகைக்குள் ஓட்டிக்கொண்டு போய்விடும்.

ராம் வெனிசுலா, கொலம்பியாவில் ஒரினோகோ ஆற்றுச் சமவெளியைச் சேர்ந்தது. ஐந்து செ.மீ. உடம்பில் அவ்வளவு நிறம்! தட்டைக் கல்லை வாயால் துடைத்துத் திறந்தவெளியில் முட்டை போடும். சண்டையும் அந்தக் கல்லைச் சுற்றி ஓர் அடிக்குள்தான். பக்கத்தில் வந்தால் துரத்தும், தள்ளிப் போனால் விட்டுவிடும். ராமில் எனக்குத் தொல்லை கொடுத்தது வேறு விஷயம். ராத்திரி முட்டை இருக்கும், காலையில் கல் மட்டும் இருக்கும். பெற்றோரே தின்றுவிடும். நாலு முறை இதே கதை. மென்மையான, அமிலத்தன்மையுள்ள தண்ணீர் கேட்கிற மீன் இது. சென்னையில் எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 900. ஆர்.ஓ. தண்ணீர் கலக்காமல் இதை வாங்குவது வீண் செலவு. சூடு மட்டும் நம்ம ஊருக்குப் பொருந்தும், 28 டிகிரி இதற்குச் சுகம். நியான் டெட்ராவுக்கு அந்தச் சூடு ஆகாது, அதனால் கார்டினல் டெட்ரா விடுவது நல்லது.

கிரிப்புக்குத் தண்ணீர் விஷயத்தில் இந்த அலட்டல் கிடையாது. ஒரு வேடிக்கை மட்டும் உண்டு: அமிலத்தன்மை கூடிய தண்ணீரில் பிறக்கும் குஞ்சுகளில் ஆண்கள் அதிகம்.

ஹனி கௌராமி நம்ம நாட்டு மீன்தான். வடகிழக்கு இந்தியா, வங்கதேசத்துக் குளம் குட்டைகளில் இருப்பது. இதைத் தொட்டியில் முதல் வாரம் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், வெளுத்துப்போய் ஒரு மூலையில் நிற்கும். பருவம் வந்த ஆணுக்கு உடம்பு தேன் நிறமாகி, தாடையிலிருந்து வயிறு வரை கரிய நீலம் இறங்கும். மிதக்கும் செடிக்கு அடியில் நுரை ஊதிக் கூடு கட்டும். பெண்ணை வளைத்துத் தழுவி, மிதந்து வரும் முட்டைகளில் சிதறியதை வாயால் எடுத்துக் கூட்டில் ஒட்டும். அப்புறம் அந்த மூலைக்குப் பெண் உட்பட யாரும் வரக்கூடாது. பெண் ஒளிய இடம் இல்லாவிட்டால் துடுப்பு கிழியும். செடி அடர்ந்திருந்தால் அதுவும் இல்லை. கோரி இருக்கும் தரைக்கும் இந்தச் சண்டைக்கும் ஓரடி தூரம். ஃபில்டர் வேகமாக ஓடினால் கூடு கலைந்துவிடும், அவ்வளவுதான் கவனிக்க வேண்டியது. பெயரில் நெருக்கமான டுவார்ஃப் கௌராமியை இதற்குப் பதிலாக வாங்கிவிடாதீர்கள். இரண்டு ஆண் சேர்ந்தால் ஓயாத சண்டை, போதாததற்கு வைரஸ் நோய் வேறு அந்த இனத்தைப் பிடித்து ஆட்டுகிறது.

ஆக, பல மீன் சேர்ந்திருக்கும் ரெண்டடித் தொட்டி என்றால் என் ஓட்டு ஹனி கௌராமிக்கு. ராமை நல்ல தண்ணீர் கைவசம் உள்ளவர்கள் யோசிக்கலாம். கிரிப்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் கோரியை முதலில் வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். குகையை மூலையில் வைத்து வாசலைப் பக்கவாட்டுக் கண்ணாடி பார்த்துத் திருப்புங்கள். ஆண் காவல் காக்கும் பரப்பு கொஞ்சம் சுருங்கும். மற்ற எல்லா மீனையும் எடுத்துவிட்டால் நிம்மதி என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் அதையும் செய்து பார்த்தேன். துரத்த ஆள் இல்லாமல் போனதும் ஆண் கிரிப் தன் ஜோடியையே அடிக்க ஆரம்பித்தது. மேல்மட்டத்தில் ஓடும் ஆறு ஜீப்ரா டேனியோ விட்ட பிறகுதான் குடும்பம் ஒற்றுமையானது.

இப்போது கிரிப் ஜோடி டேனியோக்களோடு தனித் தொட்டியில். பழைய தொட்டியில் ஹனி கௌராமியும் கோரிகளும். இரை போட்டால் முதலில் வந்து சேர்வது அந்த ஒற்றைக் கண் கோரிதான்.