கிளவுட் ஸ்டோரேஜ்: ஒரு சிவகாசி அச்சகத்தின் அனுபவம்

கிளவுட் ஸ்டோரேஜுக்கு, அதாவது ஃபைல்களை இன்டர்நெட் வழியாக வேறொரு கம்பெனியின் சர்வரில் வைப்பதற்கு, மாறினால் செலவு குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் டிசைன் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் ஃபைல்கள் கிளவுடுக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. ஹார்ட் டிஸ்க் ஒரு தடவை வாங்கினால் முடிந்தது, இதற்கு மாதாமாதம் பில் வருகிறது. ஆனாலும் முதலாளி திரும்பிப் போக நினைக்கவில்லை. காரணம் ரிப்பீட் ஆர்டர்.

"அண்ணாச்சி, போன தீபாவளிக்கு அடிச்ச அதே லேபிள்தான், எம்.ஆர்.பி. மட்டும் மாத்தணும்" என்று போன் வரும். அந்தப் "போன தீபாவளி" சில சமயம் நாலைந்து வருடம் பழையதாக இருக்கும். முன்பு பீரோ நிறைய டிஸ்க், மேலே மார்க்கரில் பெயர். அது திறக்காமல் போனால் பழைய லேபிளை ஸ்கேன் செய்து மறுபடி வரைய வேண்டியதுதான். இப்போது பார்ட்டி பெயரையும் வருடத்தையும் தட்டினால் வந்துவிடுகிறது. ஃபைலுக்கு ஒழுங்காகப் பெயர் வைத்திருந்தால்! அதை எந்தக் கிளவுடும் செய்து தராது.

அடுத்தது வெர்ஷனிங். அதே ஃபைலின் மேல் எத்தனை தடவை சேவ் செய்தாலும் பழைய நிலைகள் தனித்தனியாக நிற்கும். நாலு திருத்தம் முடிந்தபிறகு "முதல்ல காட்டுனதே நல்லாருந்துச்சு" என்று சொல்லாத பார்ட்டி எங்கே இருக்கிறார்? ஃபைல்களைத் திறக்க முடியாமல் செய்துவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கும் இதுதான் மருந்து. 2017 மே மாதம் வந்த வன்னாகிரை என்ற ரான்சம்வேர், கம்ப்யூட்டரில் செருகியிருந்த பேக்கப் டிஸ்கையும் விடவில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு யாராலும் அழிக்க முடியாதபடி பழைய பிரதிகளைப் பூட்டிவைக்கும் வசதி பல கிளவுட் சேவைகளில் உண்டு. கம்ப்யூட்டரில் இருப்பதை அப்படியே கிளவுடிலும் வைக்கும் வெறும் சிங்க் மட்டும் பேக்கப் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியிலும் 30 நாள்தான் இருக்கும்.

கணக்குப் பிரிவு ஃபைல்களைப் பத்திரமாக வைக்கச் சட்டமே காரணம். ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தால், இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் பேக்கப் எடுக்க வேண்டும் என்று 2022-இல் விதி வந்தது.

இனி எரிச்சல்கள். முதலாவது அப்லோடு. நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஒரு டெராபைட் (ஆயிரம் ஜி.பி.) ஏற்ற ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். ஆடி 18-க்கு மாதிரி ஆல்பம் வெளிவர வேண்டிய காலண்டர் சீசனில் இதை நம்பி உட்கார முடியாது. அதனால் ஓடுகிற வேலை எல்லாம் ஆபீஸ் நாஸில்தான் (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவாக நெட்வொர்க்கில் இருக்கும் டிஸ்க் பெட்டி). ராத்திரி அதில் இருப்பது தானாகக் கிளவுடுக்கு ஏறும்.

எப்போதாவது தேவைப்படும் பழைய ஃபைல்களைப் போட்டுவைக்கும் மலிவு விலை ஆர்கைவில் இன்னொரு சங்கடம். அமேசானின் டீப் ஆர்கைவில் போட்ட ஃபைல் கைக்கு வர 12 மணி நேரம் வரை ஆகலாம், மொத்தமாக மலிவில் கேட்டால் 48 மணி நேரம். பார்ட்டி லைனில் காத்திருக்க மாட்டார். பத்து வருடம் தாண்டிய வேலைகளை மட்டும் அங்கே தள்ளியிருக்கிறோம்.

கிளவுட் என்றாலும் கடைசியில் அது எங்கோ ஒரு கட்டடம்தான். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓ.வி.எச். என்ற கிளவுட் கம்பெனியின் டேட்டா சென்டர் (சர்வர்கள் இருக்கும் கட்டடம்) தீப்பிடித்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலருக்கு எதுவும் மிஞ்சவில்லை. இரண்டாவது பிரதி வேறு ஊரில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

அப்புறம், ஏற்றும் விலையை மட்டும் பார்க்காதீர்கள், இறக்கும் விலையையும் கேளுங்கள். ஏற்றுவது பெரும்பாலும் இலவசம், மொத்தமாக வெளியே எடுக்க ஜி.பி. கணக்கில் காசு. நாங்கள் முதலில் இருந்த கம்பெனியை விட்டு வெளியேறிய மாதத்தில் வந்த பில்லுக்கு நாலைந்து புது டிஸ்க் வாங்கியிருக்கலாம்.