ரிங்கா, கிட்டா, லேத்தா, புதுசா? நெயில் கன் பழுதுக்கு நாலு வழி

சோபா சட்டத்தில் அடித்த ஆணியின் தலை அரிசியளவு வெளியே நின்றது. பட்டறைத் தம்பி ரெகுலேட்டரைத் திருகி, ஆணி அடிக்கும் நெயில் கன்னுக்குப் போகும் காற்றழுத்தத்தை 90 பிஎஸ்ஐயிலிருந்து 110 ஆக்கினான். ஆணி உள்ளே போனது. கன்னின் பின்பக்கம் கேட்டுக்கொண்டிருந்த 'ஸ்ஸ்' சத்தமும் கூடிப்போனது. மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் இருக்கும் எங்கள் பட்டறைக்குப் போன மாரிகாலம் இப்படித்தான் தொடங்கியது.

பழுதென்று சொன்னதும் ஆளுக்கொரு யோசனை. காத்தான்குடிக்குப் போய் ஓ-ரிங், அதாவது காற்றை அடைக்கும் றப்பர் வளையம், வாங்கிப் போடு என்றார் ஒருவர். கொழும்பிலிருந்து முழு கிட் எடுப்பி என்றார் இன்னொருவர். லேத்தில், அதாவது கடைசல் பட்டறையில், கொடுத்தால் பிளேடே செய்து தருவான் என்றார் பக்கத்து ஓடாவி. மச்சான் மட்டும், "எறிஞ்சு போட்டுப் புதுசு எடு" என்றான். நாலையும் வெவ்வேறு காலத்தில் செய்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: விலையை வைத்து இதை முடிவு செய்யப் போனால் இரண்டு தடவை காசு போகும். எந்தப் பகுதி தேய்ந்தது என்று முதலில் தெரிய வேண்டும்.

அதைக் காற்றே காட்டிக்கொடுக்கும். ட்ரிகரை அழுத்தினால் மேலேயுள்ள ஹெட் வால்வு திறந்து, காற்று பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டனோடு சேர்ந்த பிளேடு ஆணியை அடிக்கிறது. அடியிலுள்ள பம்பர் அந்த இடியை வாங்கிக்கொள்கிறது. விரலை எடுத்ததும், சிலிண்டரைச் சுற்றிய அறையில் சேர்ந்த காற்று பிஸ்டனைத் திருப்பி மேலே ஏற்றுகிறது. ஆகவே ஆணிகளை எடுத்துவிட்டு, ஹோஸை மாட்டி, ட்ரிகரைத் தொடாமல் சவர்க்காரத் தண்ணியைப் பூசுங்கள். ட்ரிகரடியில் குமிழ் வந்தால் ட்ரிகர் வால்வின் சின்ன ரிங்குகள். மேலே காற்று வெளியேறும் துளையில் வந்தால் பெரும்பாலும் ஹெட் வால்வு. ஆணி வெளியேறும் மூக்கால் வந்தால் சிலிண்டரைச் சுற்றிய ரிங், அல்லது பம்பர். கசிவே இல்லாமல் பிளேடு மட்டும் பாதியில் நின்றால் பிஸ்டன் ரிங்கையும் பம்பரையும் சந்தேகிக்கலாம்; எண்ணெயில்லாமல் காய்ந்திருந்தாலும் அப்படித்தான் நிற்கும்.

சரி, ரிங்கிலிருந்து தொடங்குவோம். உதிரியாக வாங்கினால் ஒரு ரிங் வெறுந்தேத்தண்ணி விலைக்குள் அடங்கிவிடும். கசிவு மட்டுந்தான் குறையென்றால் இதற்கு மேல் செலவழிக்கத் தேவையே இல்லை. ஆனால் முதல் தடவை நான் தோற்றதும் இங்கேதான். பழைய ரிங்கைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனேன். கடைக்கார காக்கா அதை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எண்ணெய் குடிச்சு ஊதிப்போன சாமான். இத அளந்து என்ன செய்ய? ரிங் கிடந்த காடிய அளந்துக்கிட்டு வாங்க" என்றார். காடி என்றால் ரிங் உட்காரும் பள்ளம். அவர் சொன்னதுதான் சரி. பழைய ரிங் ஊதியிருக்கும், இல்லையென்றால் தட்டையாகியிருக்கும்.

தடிப்பில் இன்னொரு சிக்கல். ஜப்பான் அளவில் 2.4 மில்லிமீட்டர் ரிங் உண்டு, அமெரிக்க அளவில் 2.62 உண்டு. கடைப் பெட்டிக்குள் இரண்டும் கலந்து கிடந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கன்னுக்குத் தெரியும். தடித்ததைப் போட்டால் பிஸ்டன் இறுகி ஆணி மேலே நிற்கும், மெலிந்ததைப் போட்டால் காற்று ஒழுகும். வேர்னியர் அளவுகோல் இல்லாமல் இந்த வேலைக்கு இறங்க வேண்டாம்.

றப்பரின் வகையும் முக்கியம். தண்ணிக் குழாய்க்கு வரும் ரிங் அளவில் பொருந்தினாலும் அது எண்ணெய் தாங்கும் றப்பராக இருக்கும் என்று நம்ப முடியாது. நான் போட்டது இரண்டே கிழமையில் உப்பி பிஸ்டனைப் பிடித்துக்கொண்டது. நைட்ரைல், அதாவது என்பிஆர், என்று கேட்டு வாங்குங்கள். போடும்போது சிலிக்கன் கிரீஸ் மெல்லிதாகத் தடவினால் காடியில் கிழியாமல் உட்காரும்.

முழு கிட் என்பது வேறு கணக்கு. பிஸ்டனோடு பிளேடு, பம்பர், ரிங்குகள் எல்லாம் ஒன்றாக வரும். கொழும்பில் புறக்கோட்டைப் பக்கம் தெரிந்த ஆள் இருந்தால் இரவு பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லலாம். ஒன்லைனிலும் கிடைக்கிறது. பொறி எங்கே என்றால், எஃப் 30, எஃப் 50 என்பவை கம்பனியின் மொடல் பெயர்கள் அல்ல. அந்தக் கன் எந்த வகை ஆணியை எவ்வளவு நீளம் வரை அடிக்கும் என்பதைத்தான் சொல்கின்றன. 50 மில்லிமீட்டர் வரை அடிப்பது எஃப் 50. இரண்டு கம்பனிகளின் எஃப் 50க்குள் பிஸ்டனின் விட்டம் வேறாக இருக்கலாம். ஓடர் கொடுக்கமுன் பழைய பிஸ்டனை அடிமட்டத்தோடு வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள்.

கிட்டுக்குக் காசு கொடுப்பது நியாயம் என்று நான் நினைப்பது பம்பருக்காக. நெயில் கன்களில் பம்பர் பெரும்பாலும் பொலியுரேத்தேன். அதில் சில வகைகளை ஈரமும் வெக்கையும் மெல்ல அரித்துவிடும், பாவிக்காமல் வைத்திருந்தாலுங்கூட. கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஊரில் ஈரத்துக்குக் குறைவேது? ஒரு வருடம் ராக்கையில் கிடந்த கன்னைத் திறந்தபோது பம்பர் வெயிலில் விட்ட தொதல் மாதிரி விரலில் ஒட்டியது. அதற்குப் பதிலாகச் செருப்பு அடியிலும் பழைய டயரிலும் வட்டம் வெட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் போட்டேன். மெலிந்து போனால் பிஸ்டன் நேரே உடம்பில் இடிக்கும். அலுமினிய வார்ப்பு வெடித்தால் கன் அத்தோடு சரி. தடித்துப் போனால் பிளேடு கடைசிவரை இறங்காது, ஆணித் தலை எழும்பியே நிற்கும்.

லேத் பற்றிச் சுருக்கமாக. பிளேடு செய்வதற்கு அங்கே போகவே போகாதீர்கள். கிரைண்டரில் உருக்கு நீலம் பாரிக்கும்வரை சூடேறினால் பதம், அதாவது கடினம், இறங்கி, நுனி சீக்கிரம் மழுங்கும். பதம் கூடினாலோ சில்லாகத் தெறிக்கும். எனக்குச் செய்து தந்த பிளேடு மூன்றாம் நாள் முறிந்து, ஒரு துண்டு மேசைப் பலகையில் குத்தி நின்றது. கண்ணாடி போட்டிருந்தேன், தப்பினேன். பழைய பிளேட்டின் நுனி லேசாக உருண்டிருந்தால், தண்ணியில் தோய்த்துத் தோய்த்து ஒரு தடவை தட்டையாக்கலாம். எவ்வளவு தேய்க்கிறோமோ அவ்வளவு ஆணி வெளியே நிற்கும் என்பது நினைவிருக்கட்டும். உடம்பில் ஸ்குறூவின் மரை அழிந்துபோனால் மட்டும் லேத்காரரை விட்டால் வேறு ஆளில்லை. பெரிதாகத் துளைத்துப் புஷ் என்ற உள்ளுறை வைத்துத் தருவார், அது நிற்கும்.

புதுசு எடு என்ற மச்சானின் பேச்சு ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. 2022க்கு முன் சின்ன எஃப் 30 பழுதானால் நாங்கள் திறந்தே பார்க்க மாட்டோம். அந்த வருடம் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதும் சாமான் விலை ஏறிவிட்டது, எறிந்ததையெல்லாம் திரும்பப் பொறுக்கினோம். இப்போது நான் பார்ப்பது இதைத்தான்: எஃப் 30இல் பிளேடும் பம்பரும் சேர்ந்து போய், கிட்டின் விலை புதுசின் விலையில் பாதியைத் தாண்டினால் புதுசு. பெட்டி அடிக்கும், சுருளாக ஆணி போடும் கொயில் கன் மாதிரிப் பெரியதென்றால், உடம்பு வெடிக்காதவரை கிட்தான்; யோசிக்கவே வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் திறக்கமுன் ஹோஸைக் கழற்றி, ஆணியை எடுத்துவிடுங்கள். மேல்மூடியின் அலன் ஸ்குறூ நாலையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்குங்கள். அப்புறம் அந்த 'ஸ்ஸ்' சத்தத்தின் மூலகாரணம்: கம்பிரசர் தாங்கியில் சேரும் தண்ணி. மாரியில் பின்னேரம் திறந்துவிட்டால் துருத்தண்ணி கோப்பைக் கணக்கில் வரும். அது கிரீஸைக் கழுவிக்கொண்டு நேரே ரிங்குக்குத்தான் போகிறது. எண்ணெயென்றால் ஏர் டூல் ஒயில், காலையில் இரண்டு மூன்று துளி. எண்ணெய் வேண்டாத கன்களும் உண்டு, உங்களுடையது எது என்று பாருங்கள். துரு நீக்கும் ஸ்பிரேயை உள்ளே அடிக்க வேண்டாம். அடித்த அன்றைக்கு நன்றாக ஓடும், ஆனால் இருக்கிற கிரீஸையும் கரைத்துவிடும்.

தம்பி அழுத்தத்தைக் கூட்டிய கன்னில் போயிருந்தது ஹெட் வால்வு ரிங் ஒன்றுதான். மாற்றியதும் 85லேயே ஆணி தலையோடு இறங்கியது. முன்பு நான் டயர் பம்பர் போட்டு உடம்பு வெடித்த மற்றக் கன்னை எறியவில்லை. அதன் ட்ரிகர் வால்வு பிறகு இந்தக் கன்னுக்கு வந்து, இப்போது இதில் ஓடுகிறது. ஸ்பிரிங் இரண்டும் மகசீனும் டின்னுக்குள் இருக்கின்றன.